இறந்தவனின் வைப்பாட்டி

தவெரெட்டின் படத்தை முதுகலை வகுப்பில் காட்டியபோது முதலில் சிரிப்புதான் எழுந்தது. நீர்யானையின் தலை, தொங்கும் முலைகள், முன்தள்ளிய வயிறு, சிங்கத்தின் கால்கள், முதுகு நெடுக முதலையின் செதில். பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கிறாள். வாய் பிளந்து பல் தெரிகிறது. “இதுவாம்மா பிரசவத்துக்கான சாமி?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேள்வியில் கேலி இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. பிள்ளைப்பேற்றைக் காக்கும் தெய்வம் என்றால் கனிந்த முகமும் மடியில் குழந்தையுமாக ஓர் அம்மாவை எதிர்பார்த்திருக்கிறாள். அவளுடைய ஏமாற்றத்திலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். பண்டைய எகிப்தின் பேறுகால உருவங்களைப் பற்றி எழுதியவர்கள் பலரும் அதே ஏமாற்றத்தைத்தான் வேறு வேறு பெயர்களில் எழுதியிருக்கிறார்கள்.

தவெரெட் என்றால் ‘பெரியவள்’. ஊருக்கு ஒரு கோவிலும் தேர்த்திருவிழாவுமாகக் கொண்டாடப்பட்டவள் அல்ல. தாயத்தாக, கட்டில்காலின் செதுக்கலாக, தலையணைத் தாங்கியின் ஓவியமாக, பால் வார்க்கும் குடுவையாக வீடுகளுக்குள் இருந்தவள். கழுத்தில் கோக்கும் மணியளவு உருவங்களே அதிகம். பெரிய சிலை அபூர்வம். கெய்ரோ எகிப்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் கர்னாக்கில் கிடைத்த ஒன்று உண்டு. கரும்பச்சைக் கல்லில், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில், கண்ணாடிபோல் வழவழப்பாக மெருகேற்றப்பட்டது. கி.மு. 7ஆம் நூற்றாண்டு. செய்வித்தவர் பபாசா என்ற அதிகாரி. முதலாம் ப்சம்திக் மன்னனின் மகள் நிதோக்ரிஸ் அப்போது ‘ஆமுன் கடவுளின் மனைவி’ என்ற பெரும்பதவியில் இருந்தாள். பபாசா அவளுடைய தலைமைக் காரியக்காரர். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதவி பெற்ற மகளுக்குப் போவதில்லை, தத்தெடுத்த மகளுக்குத்தான் போகும். பெறாத ஒருத்தியின் அரண்மனையிலிருந்து பேறுகாலத் தெய்வத்துக்கு இவ்வளவு விலையுயர்ந்த சிலை வந்திருக்கிறது. தவெரெட்டைக் கருப்பையோடு மட்டும் முடிச்சுப் போடுகிறவர்கள் இந்தச் சிலையின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

ஏன் நீர்யானை? நைல் நதிக்கரை மக்களுக்கு நீர்யானை சாந்தமான விலங்கு அல்ல. படகைக் கவிழ்க்கும், விளைந்த வயலை மேய்ந்து அழிக்கும், ஆளைக் கொல்லும். மன்னன் ஈட்டியால் நீர்யானையைக் குத்தும் காட்சி கோவில் சுவர்களில் வெற்றியின் சின்னமாக வருகிறது; அங்கே அது சேத் என்ற பகைக் கடவுளின் உரு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ‘வில்லியம்’ என்று செல்லப்பெயர் வாங்கிய நீலநிற நீர்யானைப் பொம்மை இருக்கிறது. மெயிர் என்ற இடத்துக் கல்லறையில் வைக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் அதன் நகலை வாங்கிப் போகிறார்கள். அதன் கால்களில் மூன்று பின்னாளில் ஒட்டப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. கல்லறைக்குள் உயிர்பெற்று இறந்தவனைத் தாக்கிவிடக் கூடாதென்று வேண்டுமென்றே உடைத்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பயம். அந்த விலங்கில் குட்டி ஈன்றதன் பக்கத்தில் யாரும் போக முடியாது. எகிப்தியர் பேறுகாலத்துக்குக் காவலாகத் தேர்ந்தெடுத்தது அந்தச் சினத்தை. அது போதாதென்று சிங்கத்தையும் முதலையையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நிலத்தில் மனிதரைக் கொல்லும் பெரிய விலங்குகள் மூன்றையும் ஒரே உடலில் தைத்து, அதைக் கர்ப்பிணியாக்கி, கட்டிலருகே நிறுத்தினார்கள்.

பெரும்பாலான உருவங்களில் அவள் கையில் குழந்தை இல்லை. ‘சா’ என்ற காப்புக்குறியின் மேல் முன்கால்களை ஊன்றி நிற்கிறாள். கிட்டத்தட்ட 4000 ஆண்டுகளுக்கு முன் நீர்யானையின் தந்தத்தை நெடுக்காகப் பிளந்து செய்த வளைந்த காப்புக்கோல்களில் கத்தி ஏந்தி வருகிறாள். அந்தக் கோல்கள் சிலவற்றின் முனை தேய்ந்திருக்கிறது. தாயும் சேயும் படுக்கும் இடத்தைச் சுற்றி மண்ணில் கோடு கிழிக்கப் பயன்பட்டிருக்கலாம் என்கிறார்கள். சிலவற்றில் காக்கப்பட வேண்டிய பெண்ணின் அல்லது குழந்தையின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது, இரவிலும் பகலிலும் காவல் என்ற உறுதியோடு. இந்த உருவங்களில் தாய்மையைப் போற்றும் ஒரு வரியைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. இருப்பது அச்சம். பெற்றுப் பிழைப்பது உறுதியில்லை என்று நன்றாகத் தெரிந்தவர்களின் அச்சம். அதை அவர்கள் மறைக்கவில்லை, அழகாக்கவும் இல்லை.

பிறகு வந்தவர்கள் இதை எப்படிப் படித்தார்கள்?

சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க எழுத்தாளர் ப்ளூடார்க் ஐசிஸ், ஓசிரிஸ் கதையை எழுதினார். அதில் தூவேரிஸ் என்ற பெயரில் தவெரெட் ஒரே ஓர் இடத்தில் வந்து போகிறாள். டைஃபோனின் – அதாவது சேத்தின் – ஆசைநாயகி; அவனைவிட்டு ஹோரஸின் பக்கம் வந்து சேர்ந்தவள். அவ்வளவுதான். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பெண்களின் படுக்கையருகே நின்றவளுக்கு எழுத்தில் கிடைத்த அடையாளம், யாருடன் இருந்தாள் என்பதும் யாரிடம் போனாள் என்பதும். புராணத்தின் தர்க்கத்துக்குள் இதற்குக் காரணம் உண்டு: நீர்யானை சேத்தின் விலங்கு, அது காக்கும் பக்கத்தில் நிற்பதை எப்படியாவது விளக்கியாக வேண்டும். விளக்கத்துக்குக் கையில் கிடைத்தது அந்த ஒரு சொல்தான் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். ஏனென்றால் அதே சொல் மறுபடி வருகிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எகிப்தின் கல்லறைகளைத் தோண்டியவர்களுக்குச் சிறிய பெண்ணுருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. நீலப் பீங்கானில், சுடுமண்ணில், சுண்ணாம்புக் கல்லில், மரத்தில். ஆடை இல்லை. இடுப்பில் சோழி கோத்த ஒட்டியாணம், தொடையிலும் வயிற்றிலும் பச்சை குத்தியதுபோல் புள்ளிகள். அல்குல் அழுத்தமாகக் குறிக்கப்பட்டிருக்கும். பலவற்றுக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை; உடைந்ததல்ல, அப்படியே செய்யப்பட்டது. இவற்றுக்கு அறிஞர்கள் வைத்த பெயர் ‘இறந்தவனின் ஆசைநாயகி’. மறுமையில் ஆணின் இன்பத்துக்காகக் கூட வைக்கப்பட்டவள் என்பது விளக்கம். கால் ஏன் இல்லை? ஓடிப்போய்விடாமல் இருக்க. இதையும் எழுதியிருக்கிறார்கள்.

தமிழில் இந்தப் பெயரை மொழிபெயர்க்கும்போது ‘ஆசைநாயகி’யைவிட ‘வைப்பாட்டி’ என்ற சொல் பொருந்துகிறது. வைக்கப்பட்டவள். வீட்டில் வைத்துக்கொள்ளலாம், குழியிலும் வைத்துக்கொள்ளலாம்.

நீலநிற நீர்யானையின் காலை உடைத்தது அதன் வலிமைக்கு அஞ்சி. பெண்ணுருவத்தின் கால் இல்லாததற்குச் சொன்ன காரணமும் ஏறக்குறைய அதே வகைதான். ஆனால் நீர்யானைக்கு அஞ்சியவர்கள் எகிப்தியர். பெண் ஓடிவிடுவாளோ என்று கவலைப்பட்டவர்கள் அதற்கு 4000 ஆண்டுகள் கழித்து வந்தவர்கள்.

இந்த விளக்கத்தைச் சாய்க்கப் புதிய கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. பொம்மைகள் எங்கே கிடைத்தன என்று பொறுமையாகப் பட்டியல் போட்டதே போதுமானதாக இருந்தது. அவை பெண்களின் கல்லறைகளில் இருந்தன. குழந்தைகளின் கல்லறைகளில் இருந்தன. குடியிருந்த வீடுகளில் இருந்தன. ஹாத்தோர் தெய்வத்தின் கோவில்களில் காணிக்கையாகக் குவிந்திருந்தன. ஜெரால்டின் பின்ச் 1993இல் வெளியிட்ட, ஹாத்தோருக்கான காணிக்கைப் பொருள்கள் பற்றிய ஆய்வு இந்தக் கணக்கை முறையாக முன்வைத்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் குழியில் வைப்பாட்டிக்கு என்ன வேலை? பெர்லின் சேகரிப்பில் உள்ள ஓர் உருவத்தின் மேல் எழுத்தே இருக்கிறது: இடுப்பில் குழந்தையை ஏந்திய பெண், அவள் மேல் ‘உன் மகள் சேக்குப் பேறு வாய்க்கட்டும்’ என்ற பொருளில் ஒரு வேண்டுகோள். இறந்துபோன தகப்பனிடம், பிள்ளை வேண்டி நிற்கும் மகளுக்காகக் கேட்டது. ஓர் ஆணின் கல்லறையில் இந்த உருவம் ஏன் இருந்தது என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. செத்துப்போன அப்பா மேலே இருந்தாவது ஏதாவது செய்யட்டும் என்று கேட்கிற பெண்களை நமக்குத் தெரியும். அப்பாவின் படத்துக்கு முன் வைத்த அந்த வேண்டுதலை ஒருவர் எடுத்துப் பார்த்து ‘அவருடைய வைப்பாட்டி’ என்று சீட்டு ஒட்டியதுபோல் இருக்கிறது இந்த வரலாறு.

பெயர் மாறியது. ‘வளமைப் பாவை’ என்றார்கள். நம்மூர் அகழாய்வு அறிக்கைகளில் மண்ணில் வரும் பெண்ணுருவம் எல்லாம் ‘தாய்த்தெய்வம்’ ஆகிவிடுவது போலத்தான். இழிவு போய்விட்டது, மதிப்பு வந்துவிட்டது என்று நாமும் நிம்மதியடைந்தோம். எனக்கு அந்த நிம்மதி நீடிக்கவில்லை. படுக்கையிலிருந்து கருப்பைக்கு இடம் மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பொம்மையைக் கையில் எடுத்தவளுக்குத் தலைவலி இருந்திருக்கலாம் என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே?

கேட்டவர் எலிசபெத் வராக்ஸா. கர்னாக்கில் மூத் தெய்வத்தின் கோவில் வளாகத்தில் கிடைத்த சுடுமண் பெண்ணுருவங்களைப் பற்றி 2009இல் அவர் எழுதிய நூல் ஒரு சின்னக் கவனிப்பிலிருந்து நகர்கிறது: அவை ஏறக்குறைய ஒரே மாதிரி உடைந்திருக்கின்றன, உடலின் நடுப்பகுதியில். தற்செயலாக உடைந்தவை இப்படி ஒரே இடத்தில் உடையா. சடங்கின் முடிவில் உடைத்து எறிந்திருக்கிறார்கள். எகிப்திய மருத்துவ மந்திர ஏடுகளில் ‘மண்ணால் செய்த பெண்’ வருகிறாள். வயிற்றுவலிக்காரனின் நோயை அவளுக்குள் இறக்கிவிட வேண்டும். நோயாளி பெண்ணாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த மண்பெண் யாருக்கும் மனைவியோ தாயோ அல்ல, வலியை வாங்கிக்கொள்கிற உடல். வாங்கிக்கொண்டதும் உடைக்கப்படுகிறாள். இந்த விளக்கம் ஆறுதல் தருவதில்லை. ஆனால் பொம்மையை வடித்தவர்களின் வேலைக்கு இதுதான் நெருக்கமாக வருகிறது. எல்லா உருவங்களுக்கும் ஒரே விளக்கம் போதும் என்றும் நான் சொல்லவில்லை. கல்லறையில் முழுசாக வைத்ததும் கோவில் குப்பையில் உடைத்துப் போட்டதும் ஒரே காரியத்துக்காக இருக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த கண்டெடுப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். அமர்ணா, அகெநாத்தன் என்ற மன்னன் கட்டிய தலைநகரம். ஒரே கடவுள்தான், சூரியவட்டம்தான் என்று சொல்லிப் பிற தெய்வங்களின் பெயர்களைக் கல்லிலிருந்து செதுக்கி எடுத்தவன் அவன். 1920களின் தொடக்கத்தில் பீட், வூலி இருவரும் அங்கே வீடுகளைத் தோண்டினார்கள். ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே உள்ள சிறிய அறையில் சில பொருள்கள் சேர்ந்து கிடந்தன: ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் தவெரெட்டை வணங்கும் சிறு கல், உடைந்த பெண்பாவை, களிமண்ணில் செய்த கட்டில் பொம்மைகள் இரண்டு. நகரம் முழுவதும் தாயத்துகளாக பெஸ்ஸும் தவெரெட்டும் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். அரசனின் சீர்திருத்தம் படிக்கட்டுக்கு அடியில் நுழையவில்லை. ஒளித்து வைத்தார்களா, அல்லது அது வழக்கமான இடமேதானா என்று வாதாடலாம். இரண்டாவதாக இருந்தால் எனக்கு இன்னும் பிடிக்கும். பேறுகாலத்தில் எது வேண்டும் என்பதை மன்னனைக் கேட்டுத் தீர்மானிக்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

பெஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாக. குள்ளன், சிங்கப் பிடரி, வெளியே நீட்டிய நாக்கு. எகிப்திய ஓவியத்தில் எல்லோரும் பக்கவாட்டில் பார்க்கும்போது இவன் நம்மை நேருக்கு நேர் பார்ப்பான். கஞ்சிரா போன்ற வட்டப்பறையைத் தட்டி ஆடித் தீயவற்றை விரட்டுவது இவன் வேலை. தேர் எல்-மெதினா, அரசர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளரின் ஊர். அங்கே வீடுகளின் முன்னறையில் செங்கல்லால் அடைத்துக் கட்டிய மேடைகள் உண்டு. சிலவற்றின் சுவரில் பெஸ் ஆடுகிறான். அகழாய்ந்த பெர்னார் ப்ரூயேர் அவற்றைப் பேற்றோடு தொடர்புபடுத்தினார். கஹூனில் பெட்ரி கண்டெடுத்த, துணியும் சாந்தும் கொண்டு செய்த முகமூடி இந்த உருவத்துக்குரியது. போட்டுப் பழகிய அடையாளம் அதில் தெரிகிறது. யாரோ ஒருவர் அதை மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார்.

லெய்டன் நகரில் இருக்கும், சுமார் 3200 ஆண்டுப் பழைமையான ஏட்டில் பேறுகால மந்திரங்கள் இருக்கின்றன. நஞ்சுக்கொடியை இறங்கி வரச்சொல்லும் மந்திரம் அதில் ஒன்று. களிமண் குள்ளனைச் செய்து, வலியில் இருப்பவளின் நெற்றியில் வைத்து, நான்கு முறை சொல்ல வேண்டும். இங்கே நான் சற்றுத் தயங்குகிறேன். அந்த ஏடு எழுதத் தெரிந்த ஆணின் கையால் எழுதப்பட்டது. நெற்றியில் களிமண்ணின் குளிர்ச்சியை உணர்ந்தவள் எதுவும் எழுதி வைக்கவில்லை. வலிக்கிறது என்று ஏட்டில் அவள் பேசினாலும் அவளுக்காகப் பேசுவது மந்திரக்காரன்தான். பெண்களின் தனி உலகம், பெண்களின் மறைஞானம் என்றெல்லாம் இந்தப் பொருள்களைப் பற்றிப் பெண்ணிய நூல்கள் சிலவற்றில் படிக்கும்போது எனக்கு ஒட்டுவதில்லை. பொருள்கள் பெண்களின் கையில் இருந்தன. சொற்கள் அப்படி இருந்தன என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு.

சொல் இல்லாத இடத்தில் ஓவியமாவது பேசுமா? 2001இல் தெற்கு அபைடோஸில், மேயராக இருந்தவரின் மாளிகை இடிபாட்டில் ஜோசஃப் வெக்னர் தலைமையிலான பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஒரு பச்சைமண் கல்லைக் கண்டெடுத்தது. 35 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம். எகிப்தியப் பெண்கள் செங்கற்களின் மேல் குந்தியிருந்து பெற்றார்கள் என்பது எழுத்துகளிலிருந்து முன்பே தெரியும். மெஸ்கெனெட் என்ற தெய்வமே பெண்தலை வைத்த செங்கல்தான். கண்ணெதிரே அப்படி ஒரு கல் கிடைத்தது அதுவே முதல்முறை. அதன் ஒரு முகத்தில் ஓவியம். தாய் அரியணை போன்ற இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஆண்குழந்தை, முன்னும் பின்னும் பெண்கள், இருபுறமும் ஹாத்தோரின் முகம் வைத்த கம்பங்கள். அவளுடைய கூந்தல் நீலம், தெய்வங்களுக்குரிய நிறம். முடி கலையவில்லை. இரத்தம் இல்லை. எல்லாம் முடிந்து குளிப்பாட்டி உட்காரவைத்த காட்சி. பேறு நடக்கும் நொடியில் அவள் காலடியில் இருந்த கல்லில், பேறு மட்டும் வரையப்படவில்லை. அதன் ஓரங்களில் காவல் விலங்குகள் வருகின்றன. அபாயம் எவ்வளவு என்பதை அவை மட்டும் சொல்கின்றன. பெண்ணின் முகத்தில் காட்டக் கூடாதது விலங்கின் வாயில் வெளிப்பட்டிருக்கிறது. தவெரெட்டின் பிளந்த வாயை மீண்டும் பார்க்கும்போது, அது எதிரியை மிரட்டும் வாய் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. முக்குகிறவளின் வாயும் அப்படித்தான் திறக்கும்.

கதவைத் தாழிட்டுப் பெறும் அறைக்குள் நம்மை அழைத்துப் போகும் எகிப்தியக் கதை ஒன்று இருக்கிறது. பெர்லினில் உள்ள வெஸ்ட்கார் ஏட்டின் கடைசிக் கதை. ரே தெய்வத்தின் பூசாரி ராவொசெரின் மனைவி ருத்தெதெட், மூன்று பிள்ளைகளைப் பெற முடியாமல் தவிக்கிறாள். ஐசிஸ், நெப்திஸ், மெஸ்கெனெட், தவளைத் தெய்வமான ஹெகெட் நால்வரும் ஆடல்பாடல் பெண்களாக வேடமிட்டு வருகிறார்கள். க்னூம் கடவுள் மூட்டை தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறார். வாசலில் கணவன் இடுப்புத்துணியைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு நிற்கிறான். எங்களுக்குப் பேறு பார்க்கத் தெரியும் என்கிறார்கள். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார்கள். ஐசிஸ் முன்னால், நெப்திஸ் பின்னால், ஹெகெட் பேற்றை விரைவுபடுத்துகிறாள். மூன்று ஆண்குழந்தைகள், மூவரும் மன்னராகப் போகிறவர்கள். கூலியாக வாற்கோதுமை கிடைக்கிறது. ஊர் ஊராக ஆடிப் பிழைக்கும் பெண்களுக்குப் பேறு பார்க்கவும் தெரியும் என்பதைக் கதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ராவொசெருக்கு அதில் வியப்பில்லை. தொழில் தெரிந்த பெண்களைத் தெய்வமாக்கிய கதை என்று பெண்ணிய வாசிப்புகள் இதைக் கொண்டாடுவது நியாயம்தான்.

கதை அங்கே முடியவில்லை. கொண்டாடுகிறவர்கள் பலரும் அடுத்த பகுதிக்குப் போவதில்லை. ருத்தெதெட் 14 நாள் தீட்டுக் கழித்து எழுகிறாள். வீட்டில் ஒரு வேலைக்காரி இருக்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. ஏதோ ஒன்றுக்காக ருத்தெதெட் அவள்மேல் கோபப்பட்டு அடிக்கவைக்கிறாள். என்னை இப்படிச் செய்யலாமா, இவள் மூன்று மன்னர்களைப் பெற்றதை நான் போய்க் கூபு மன்னனிடம் சொல்கிறேன் என்று அவள் கிளம்புகிறாள். வழியில் அண்ணன் ஆளிநார் கட்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் சொல்கிறாள். அவன் அந்த நாராலேயே அவளை அடிக்கிறான். தண்ணீர் மொள்ளப் போகிறாள். முதலை அவளை இழுத்துக்கொண்டு போகிறது.

பெற்றவளின் முதுகைக் காக்க தவெரெட்டின் மேல் தைக்கப்பட்ட அதே முதலை. இந்தக் கதையில் அது யார் பக்கம் என்பதில் மயக்கமில்லை. அவள் வாய் திறந்திருந்தால் பிறந்த மூன்று குழந்தைகளுக்கும் ஆபத்து. கதை அவளை அப்புறப்படுத்துகிறது, காவல் தன் வேலையைச் செய்கிறது. கட்டிலருகே நிற்கும் பெரியவள் எல்லாப் பெண்ணுக்கும் காவல் என்று நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை. அந்தக் காவல் கட்டில் உள்ள வீட்டுக்கு உரியது. அந்த வீட்டில் தண்ணீர் மொண்டு வந்தவள் எப்போதாவது பெற்றாளா, அவள் நெற்றியில் களிமண் குள்ளனை வைத்து நான்கு முறை சொல்ல யாராவது வந்தார்களா என்று ஏடு சொல்லவில்லை.

அண்ணன் ருத்தெதெட்டிடம் வருகிறான். அவள் தலையை முழங்காலில் சாய்த்துத் துயரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். ஏனம்மா இப்படி என்கிறான். போனவளைப் பற்றிச் சொல்கிறாள், அவள் போய்ச் சொல்லிவிடுவாள் என்ற பயத்தோடு. அவன் தலை கவிழ்ந்து, அவள் என்னிடம் வந்தாள், அடித்தேன், தண்ணீர் மொள்ளப் போனாள், முதலை கொண்டுபோய்விட்டது என்கிறான். ருத்தெதெட் அதற்கு என்ன சொன்னாள் என்பதற்கு முன்னால் ஏடு அறுந்துவிடுகிறது.